எறிகிற கை

என் வலது தோள் முதல் தடவை நழுவியபோது எனக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் குவாட்டர்பேக்காக நான் இறங்கிய ஐந்தாவது ஆட்டம். பந்தை எறியக் கையைப் பின்னால் கொண்டுபோன நேரம், எதிரணிக்காரி ஒருத்தி என் முன்னங்கையைப் பிடித்து இழுத்தபடியே கீழே விழுந்தாள். தோளுக்குள் ஏதோ ஒன்று தன் இடத்தை விட்டு வெளியே போனது, ஒரு கணம் அங்கேயே நின்றது, பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. வலியைவிட அந்த ஒரு கணம்தான் எனக்கு நினைவிருக்கிறது. கை என்னுடையது இல்லை என்று தோன்றிய கணம். புல்லில் குப்புறக் கிடந்தபடி விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். ஐந்தும் அசைந்தன. எழுந்து நின்று, ஒன்றுமில்லை என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். உயர்த்தியது இடது கை. அதை யாரும் கவனிக்கவில்லை.

நாங்கள் விளையாடியது அமெரிக்கன் ஃபுட்போல். அவுஸ்திரேலியாவில் அதைக் கிரிட்அயன் என்பார்கள். இங்கே ஃபுட்போல் என்று சொன்னால் ஆளுக்கு ஆள் வேறு வேறு விளையாட்டை நினைத்துக்கொள்வார்கள். எங்களுடையதை யாரும் நினைக்கமாட்டார்கள். தலைக்கவசமும் தோள் கவசமும் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோக வேண்டும். நடுவில் குனிந்து நிற்பவள் பந்தைத் தன் கால்களுக்கிடையால் பின்னுக்குத் தருவாள். அதை வாங்குகிறவள்தான் குவாட்டர்பேக். வாங்கியதும் அவளுக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று விநாடி. அதற்குள் யாருக்கு எறிவதென்று பார்த்து எறிந்துவிட வேண்டும். எறியாவிட்டால் அவளைக் கீழே வீழ்த்துவார்கள். எறிந்தாலும் பல நேரம் வீழ்த்துவார்கள்.

இதற்குள் நான் போய்ச் சேர்ந்ததில் பெரிய கதை எதுவும் இல்லை. முதலாம் ஆண்டு தொடங்கிய வாரம், பல்கலைக்கழகத்துப் புல்வெளியில் கழகங்கள் எல்லாம் மேசை போட்டு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தன. ஒரு மேசையில் நின்ற பெண் என் கையில் பந்தைத் தந்து, "அந்த மரத்துக்கு எறி பார்ப்போம்" என்றாள். எறிந்தேன். மரத்தில் பட்டது. இன்னும் பத்தடி தள்ளி நிற்கச் சொன்னாள். மறுபடியும் பட்டது. அவள் என் பெயரை எழுதிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வந்துவிடு என்றாள். அவள்தான் அணியில் நடுவில் நிற்கிற சென்டர். பசிபிக் தீவான டொங்காவிலிருந்து வந்த குடும்பம். அடுத்த நான்கு வருடங்கள் என் கைக்குப் பந்து வந்ததெல்லாம் அவளிடமிருந்துதான்.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்பது வயதில் வந்து, சிட்னியில், லிட்கமில் ஒரு பள்ளிக்கூடத்தின் கடைசி வரிசைக் கதிரையில் இருந்து, ஆங்கிலம் சரியாக வந்த பிறகும் பேசாமலே பழகிவிட்டேன். ஆனால் ஆட்டத்தின் நடுவே பத்துப் பெண்கள் வட்டமாகக் குனிந்து நிற்பார்கள். எல்லோருடைய கண்ணும் என் வாயில் இருக்கும். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். நான் சொல்வேன், அவர்கள் கைதட்டிக் கலைந்து அவரவர் இடத்துக்குப் போவார்கள். என் வாழ்க்கையில் வேறு எங்கேயும் அப்படி நடந்ததில்லை. தோள் நழுவியதை நான் ஏன் மறைத்தேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். இதைத்தான் சொல்ல நினைத்தேன், சொல்ல வரவில்லை.

வீட்டில் இந்த விளையாட்டை யாருக்கும் சரியாக விளங்கவில்லை. அப்பா பஸ் ஓட்டுகிறவர், சனி ஞாயிறும் வேலை. ஒருநாள் நான் தோள் கவசத்தைக் குளியலறையில் கழுவிக் காயவைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "ஒரு பந்து எறியிறதுக்கு ஏன் பிள்ளை இவ்வளவு சாமான்?" என்று கேட்டார்.

"பாதுகாப்புக்கு அப்பா."

"எதிலையிருந்து பாதுகாப்பு?"

நான் கவசத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டேன். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். எழுப்பி இருத்தி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றுகிற வேலை. ஹரிஸ் பார்க்கில் இனிப்புக் கடையில் தெரிந்த அன்ரி ஒருவர், "மகள் என்ன விளையாடுறா?" என்று கேட்டபோது, அம்மா யோசிக்காமல் "நெட்போல்" என்றார். வெளியே வந்ததும் என்னிடம், "நான் என்னண்டு அவவுக்கு விளங்கப்படுத்திறது? எனக்கே விளங்கேல்லை" என்றார். அதில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

முதல் தடவைக்குப் பிறகு தோள் அவ்வப்போது நழுவத் தொடங்கியது. இரண்டாவது தடவை ஒரு பயிற்சியில். மூன்றாவது தடவை ரயிலில், மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வண்டி குலுங்கி நின்றது, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அது தானாகவே திரும்பி உட்கார்ந்தது. ஆனால் அது எப்போது வரும் என்ற பயம் என்னைவிட்டுப் போகவில்லை. காலையில் கண் விழித்ததும் படுக்கையிலேயே கையை மெதுவாக மேலே தூக்கிப் பார்ப்பேன். காது வரைக்கும் வந்தால் அன்றைக்குப் பரவாயில்லை. தலைக்கு மேலே அலுமாரியைத் திறக்கமாட்டேன். காரில் பின் இருக்கைக்குக் கையை நீட்டிப் பையை எடுக்கமாட்டேன். யாராவது பின்னாலிருந்து தோளில் தட்டிக் கூப்பிட்டால் அறியாமலே ஓரடி விலகிவிடுவேன். சனிக்கிழமை ஆட்டம் என்றால் வியாழன் தொடக்கம் சாப்பாடு இறங்காது. ஆட்டம் தொடங்கினால் அந்தப் பயம் போய்விடும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் போகவில்லை. மூன்று விநாடியில் ஒரு விநாடியைத் தோள் தின்றுகொண்டிருந்தது.

இதற்கிடையே நான் படித்தது என்ன என்று சொன்னால் சிரிப்பீர்கள். எக்ஸ்ரே, ஸ்கான் எடுக்கிற படிப்பு. மூன்றாம் ஆண்டில் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வருகிறவர்களுடைய கையைத் தூக்கி, திருப்பி, தட்டோடு சேர்த்து வைத்து, "அசையாமல் இருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போக வேண்டும். ஒருநாள் தோள் விலகிய ஓர் இளைஞனைக் கொண்டுவந்தார்கள். அவனுடைய முழங்கையை நான் என் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "இது எனக்கு ஏழாவது தடவை" என்றான். எனக்கும் அதுவரைக்கும் ஏழு. படம் திரையில் வந்தபோது என்னோடு நின்ற மேற்பார்வையாளர், "எலும்பிலேயே பள்ளம் விழுந்திருக்கிறது பார்" என்று காட்டினார். நான் பார்த்தேன். கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அந்த வாரமே யாருக்கும் சொல்லாமல் ஒரு டொக்டரிடம் போனேன். ஸ்கான் எடுத்தார்கள். மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி இருக்கிற மெல்லிய வளையம் முன்பக்கம் கிழிந்திருந்தது. எனக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. டொக்டர் சொன்னது எளிமையானது. சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்கும்வரை யாரும் இடித்து விழுத்துகிற விளையாட்டு எதுவும் கூடாது. கடிதத்தை உறையில் போட்டுத் தந்தார். அதை நான் பாடக் குறிப்புகளுக்கு நடுவில் வைத்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போனேன். அரையிறுதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அணியின் ஒன்பது வருடத்தில் அவ்வளவு தூரம் நாங்கள் போனதில்லை.

நோவுக்கு வீட்டில் ஒரு கோதுமைப் பை இருந்தது. துணிக்குள் கோதுமையை நிரப்பித் தைத்த பை. மைக்ரோவேவில் சூடாக்கித் தோளில் வைத்தால் கொஞ்ச நேரம் இளகும். அம்மா வேலைக்குப் போனதும் அதை எடுப்பேன். சில நாள் எடுக்கும்போதே அது இளஞ்சூடாக இருந்தது. அப்பாவுக்கு இடுப்பு நோவு, அவர்தான் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டார். "பிள்ளை, அந்த இடியப்பம் அவிக்கிற பெரிய சட்டியை ஒருக்கா இறக்கித் தா."

அது மேல் தட்டில் இருந்தது. நான் மேசையிலிருந்து எழும்பாமல், "நீங்களே எடுங்கோம்மா, நான் படிக்கிறன்" என்றேன்.

"எனக்கு எட்டாது."

"போன கிழமை எடுத்தனீங்கள்தானே?"

"அப்ப எட்டினது. இப்ப எட்டேல்லை. வாவன்."

போனேன். நான் இடது கையை நீட்டினேன். அதே நேரம் அம்மா வலது கையை நீட்டினார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். இரண்டு கைப் பாரம் இருக்கிற சட்டி. ஒரு பக்கம் சரிந்து, மூடி தனியாக, தட்டுத் தனியாக, எல்லாம் தரையில் விழுந்து உருண்டது. சத்தம் அடங்கும்வரை இரண்டு பேரும் அசையவில்லை. என் வலது கை வயிற்றோடு ஒட்டியிருந்தது. அம்மாவின் இடது கையும் அப்படியே ஒட்டியிருந்தது.

"உனக்கென்ன கையிலை?" என்றார் அம்மா.

"உங்களுக்கென்ன?"

அழுதது நான்தான். அம்மா அழவில்லை. குசினிக் கதிரையில் இருந்து, சட்டையின் கழுத்தை விலக்கி, இடது தோளின் மேல் ஒட்டியிருந்த மருந்துப் பட்டியைக் காட்டினார். ஐந்து மாதமாகிறதாம். பாரமான ஒரு கிழவரைக் கட்டிலில் திருப்பும்போது அவர் பயந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அன்றைக்கு வந்த நோ போகவில்லை.

"ஏன் வேலையிலை சொல்லேல்லை?"

"சொன்னால் வீட்டிலை நில் எண்டுவினம். பேந்து கூப்பிடாட்டி? எத்தினை பேரை அப்பிடிப் பாத்திருக்கிறன்."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"ஆருக்கும் தெரியாது." சட்டையின் கழுத்தைச் சரிசெய்துகொண்டு, "உன்ரை கதையைச் சொல்லு" என்றார்.

சொன்னேன். முதல் தடவை நழுவியதிலிருந்து ஸ்கான் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை எடுத்து வந்து காட்டினேன். அம்மா அதை இரண்டு முறை வாசித்தார். எங்களுக்குள் என்ன முடிவாயிற்று என்றால், அடுத்த நாள் திங்கட்கிழமை இரண்டு பேரும் சொல்லிவிடுவது. அம்மா தன் மேலாளரிடம், நான் என் கோச்சிடம். அம்மா என் கையைப் பிடித்துச் சத்தியம் எல்லாம் வாங்கவில்லை. "சரியே?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவருமாகக் குனிந்து, தரையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கினோம்.

திங்கட்கிழமை அம்மா சொன்னார். மேலாளர் படிவங்களைத் தந்து, டொக்டர் பார்க்கும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பயந்ததுதான் நடந்தது. பகல் முழுக்க வீட்டில் இருந்த அம்மாவை எனக்கு அதுவரை தெரியாது. கைத்தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு, அது அடிக்காமலே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோச்சிடம் சொல்லியாயிற்றா என்று என்னிடம் கேட்டபோது, "சொல்லிட்டன். கோச் என்னைச் சும்மா நிக்கச் சொன்னவ, எறிய வேண்டாமாம்" என்றேன்.

நான் கோச்சிடம் எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சொல்ல நினைத்தேன். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போகும்போதும் சொல்லத்தான் நினைத்தேன். அன்றைக்குக் கோச் எல்லோரையும் இருத்தி, சனிக்கிழமை அரையிறுதிக்குப் போட்ட திட்டத்தை விளக்கினார். பள்ளிக்கூட ஆசிரியை, சத்தம் போடாத மனுஷி. பலகையில் எழுதிய ஒவ்வொரு கோடும் என் கையிலிருந்து தொடங்கியது. என் இடத்தில் எறியக்கூடிய இன்னொருத்தி அணியில் இருந்தாள், முதலாம் ஆண்டுக்காரி, மூன்று மாதம் பழகியவள். நான் சொல்லாமல் கவசத்தைக் கட்டினேன்.

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. புல் காய்ந்து பழுப்பாக இருந்தது, சிக்காடா வண்டுகளின் இரைச்சலில் நான் கத்திச் சொன்னதும் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. முதல் பாதியில் நான் கிட்ட கிட்டத்தான் எறிந்தேன். தோளுக்கு நல்ல நாள். இரண்டாம் பாதியில் நாங்கள் ஆறு புள்ளி பின்னால் இருந்தோம். வட்டமாகக் கூடி அடுத்த திட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சென்டரின் தோளுக்கு மேலால் வேலிப்பக்கம் ஒரு நீலக் குடை தெரிந்தது. அம்மா. வேலை இல்லாத சனிக்கிழமை. ரயிலில் வந்து, ஸ்ரேஷனிலிருந்து அந்த வெயிலில் நடந்து, கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். நான் எறியாமல் சும்மா நிற்பதைப் பார்க்க வந்திருக்கிறார்.

என் முதுகில் இலக்கம் இருந்தது. தலைக்கவசத்துக்குக் கீழே பின்னல் தொங்கியது. அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அந்த நேரமாவது கையைத் தூக்கி வெளியே போயிருக்கலாம். அதை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். நான் வரிசைக்குப் போய் நின்றேன்.

பந்து வந்தது. தூரத்தில் எங்கள் ஆள் ஒருத்தி தனியே ஓடிக்கொண்டிருந்தாள். நான் கையை முழுதாகப் பின்னால் கொண்டுபோனேன். இடது பக்கமிருந்து ஒருத்தி மோதினாள், வலது பக்கமிருந்து இன்னொருத்தி கையில் தொங்கினாள். இந்த முறை தோள் வெளியே போய்த் திரும்பி வரவில்லை.

நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு வானமும் சென்டரின் முகமும் மட்டும்தான் தெரிந்தது. அவள், "மூச்சு விடு, மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முதலுதவிக்காரப் பையன் பதற்றத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தான். அப்போது அம்மாவின் குரல் கேட்டது. வீட்டுக் குரல் இல்லை. நான் கேட்டேயிராத வேலையிடக் குரல். "டோன்ற் புல்! நோபடி புல்!" இழுக்காதே, யாரும் இழுக்கக் கூடாது என்று.

எல்லோரும் விலகினார்கள். அம்மா குடையை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு முழங்காலில் இருந்தார். என் முழங்கையின் கீழே தன் வலது கையைக் கொடுத்துத் தாங்கினார். கழுத்தில் இருந்த சால்வையை எடுத்து, ஒரு நுனியைத் தன் பல்லால் கடித்துக்கொண்டு, மறு நுனியைச் சென்டரிடம் கொடுத்து, எப்படிக் கட்ட வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெரிய பெண் சின்னப் பிள்ளை போலச் சொன்னபடி செய்தாள். என் முகத்தை மட்டும் அம்மா பார்க்கவில்லை.

அம்புலன்ஸில் வலிமருந்து உள்ள ஒரு பச்சைக் குழலை வாயில் வைத்து இழுக்கச் சொன்னார்கள். வலி தள்ளிப்போனது, வெட்கம் தள்ளிப்போகவில்லை. ஆஸ்பத்திரியில் தோளை உள்ளே தள்ளி வைத்தார்கள். அதற்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயை என்னோடு படித்த ஒருத்தியே எடுத்தாள். என்னிடம் எதுவும் கேட்காமல், மெதுவாகக் கையைத் திருப்பி, "அசையாமல் இரு" என்றாள். திரும்பி வந்து கட்டிலில் படுத்த பிறகுதான் அம்மா வாய் திறந்தார்.

"நான் திங்கட்கிழமை சொல்லிப்போட்டன்" என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அதைச் சொல்லிவிட்டு, தண்ணீர்க் கோப்பையில் உறிஞ்சு குழாயைப் போட்டு என் வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

அரையிறுதியில் நாங்கள் தோற்றோம். ஆறு வாரம் கழித்துச் சத்திரசிகிச்சை நடந்தது. கிழிந்ததைத் தைத்து எலும்போடு பிடிக்கவைத்தார்கள். பிறகு ஆறு வாரம் கை கழுத்தில் மாட்டிய தூளியில். அந்த நாட்களில் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது தலைமயிர். இடுப்பு வரைக்கும் மயிர். ஒரு கையால் எதுவும் செய்ய முடியாது. அம்மாவுக்கும் இடது கை தோளுக்கு மேல் போகாது. முதல் நாள் இருவரும் கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு முன் நின்று யோசித்தோம். பிறகு என்னைத் தரையில் இருத்தி, அம்மா பின்னால் கதிரையில் இருந்து வலது கையால் மூன்று பிரியையும் மாற்றுவார். நான் இடது கையைப் பின்னால் கொண்டுபோய், அவர் சொல்கிற பிரியைப் பிடித்துக்கொள்வேன். "அதை இல்லை, மற்றதைப் பிடி." "இதுவோ?" "ஓம், விடாதை." ஒரு பின்னலுக்கு இருபது நிமிடம் எடுக்கும். கோணலாகத்தான் வரும். அந்த இருபது நிமிடங்களில்தான் நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினோம். ஒருநாள் நான், "என்னை மன்னிச்சிருங்கோம்மா" என்றேன். அம்மா கை நிற்காமல், "பிரியைப் பிடி" என்றார்.

அம்மாவை வேலைக்குத் திரும்பக் கூப்பிடுவார்களா என்று தெரியாமல் மூன்று மாதம் போனது. ஆளைத் தூக்குகிற வேலை இனி அவருக்கு இல்லை என்று டொக்டர் எழுதிவிட்டார். ஒவ்வொரு முறை தொலைபேசி அடிக்கும்போதும் அப்பாவும் நானும் அம்மாவின் முகத்தைப் பார்ப்போம். கடைசியில் கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் கை நடுங்குகிற ஆட்களுக்கு ஊட்டுவது, வாசித்துக் காட்டுவது, தோட்டத்தில் கூட நடப்பது. வாரத்துக்கு மூன்று நாள். அம்மாவுக்கு அது பிடித்தது, ஆனால் அதுவும் போய்விடுமோ என்ற பயம் கூடவே இருந்தது.

நான் பத்து மாதம் கழித்துத் திரும்பிப் போனேன். ரப்பர்ப் பட்டியை இழுத்து, சுவரில் பந்தைத் தட்டி, ஒரு மீட்டர், ஐந்து மீட்டர், இருபது மீட்டர் என்று எறிந்து, நிபுணர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் போனேன். தோள் உறுதியாக இருந்தது. நான் உறுதியாக இல்லை. வலது பக்கம் யாராவது வருவது கண்ணின் ஓரத்தில் தெரிந்தாலே பந்தை விட்டுவிடுவேன். யாருக்கு என்று பார்க்காமல், எறிய வேண்டிய நேரத்துக்கு முன்னாலேயே விட்டுவிடுவேன். முதல் ஆட்டத்தில் மூன்று பந்தை எதிரணிக்காரிகள் பிடித்தார்கள். சென்டர் என்னிடம், "நான் உன்னைத் தொடவிடமாட்டேன், நம்பு" என்றாள். நம்பினேன். ஆனால் கைக்கு அந்த நம்பிக்கை போய்ச் சேரவில்லை.

நான்காவது ஆட்டத்துக்கு முன், உடம்பைச் சூடாக்க எறிந்துகொண்டிருந்தபோது தோளுக்குள் ஒரு சின்ன நெகிழ்வு. நழுவவில்லை. நழுவப் பார்த்ததா, இல்லை நான்தான் அப்படி நினைத்தேனா என்று இன்றைக்கும் தெரியாது. பந்தைக் கீழே வைத்துவிட்டுக் கோச்சிடம் போனேன்.

"இன்றைக்கு என்னால் முடியாது. தோள் சரியில்லை. எனக்குப் பயமாகவும் இருக்கிறது" என்றேன்.

அவர் கேட்டார்: "எது அதிகம்? தோளா, பயமா?"

"பயம்."

"சரி" என்றார். திரும்பி, என் இடத்துக்கு வருகிறவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. மூன்று வருடமாகப் பயந்தது அந்த ஒரு 'சரி'க்குத்தான்.

சென்டர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆட்டத்துக்குச் சில நிமிடத்துக்கு முன்னால் விட்டுவிட்டுப் போனேன் என்பது அவள் கோபம். அதில் நியாயம் இருந்தது. பிறகு ஒருநாள் அவளே வீட்டுக்கு வந்தாள், அம்மா தோசை சுட்டுக் கொடுத்தார், ஆறு சாப்பிட்டாள். போகும்போது வாசலில் நின்று, "திரும்பி வருவாயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பைப் போட்டாள்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தைப் பார்க்க அம்மாவோடு போனேன். வேலிக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரை இரண்டைப் போட்டு இருந்தோம். அம்மாவுக்கு இன்னும் விதிகள் விளங்கவில்லை, ஒவ்வொரு தடவை விசில் ஊதும்போதும் "இப்ப ஏன் நிப்பாட்டினவை?" என்று கேட்டார். சென்டரிடமிருந்து பந்து பின்னால் போகும் ஒவ்வொரு முறையும் என் வலது கை தானாக வயிற்றோடு ஒட்டிக்கொண்டது. அங்கே நின்றது நான் இல்லை, இருந்தும் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் பாதியில் அந்த இளம் குவாட்டர்பேக்கை இரண்டு பேர் சேர்த்து வீழ்த்தினார்கள். அவள் உடனே எழும்பவில்லை. நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் எழும்பிவிட்டோம். அம்மா கதிரையின் கையைப் பிடித்திருந்தார். அவள் புல்லில் புரண்டு, முழங்காலில் இருந்து, எழுந்து, தலைக்கவசத்தைச் சரிசெய்தாள். கோச் கோட்டுக்கு அருகே வந்து அவளிடம் ஏதோ கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை.

"உண்மையாச் சொல்லுறாளோ?" என்று அம்மா கேட்டார்.

"தெரியேல்லை அம்மா."

ஆட்டம் தொடர்ந்தது. நாங்கள் முடியும்வரை இருக்கவில்லை. அம்மாவுக்கு இரண்டு மணிக்கு வேலை. கதிரைகளை மடித்து, இடது கையில் ஒன்றை நானும் வலது கையில் ஒன்றை அம்மாவும் தூக்கிக்கொண்டு, ஸ்ரேஷனுக்கு வேகமாக நடந்தோம்.